உச்சத்துக்குக் கீழே: மார்த்தா மோட்லின் குரல்

1955 நவம்பர் 5, வியன்னா. பத்து வருடங்களுக்கு முன் குண்டு விழுந்து எரிந்துபோன ஸ்டேட் ஓபரா கட்டடம் அன்று மறுபடி திறக்கிறது. போருக்குப் பின் ஆஸ்திரியாவைப் பங்குபோட்டு நின்ற அன்னியப் படைகள் வெளியேறிச் சில நாட்களே ஆகியிருக்கின்றன. மேடையில் பீத்தோவனின் ‘ஃபிடெலியோ’. அரசியல் கைதியாக நிலவறையில் கிடக்கும் கணவனைத் தேடி, ஆண்வேடம் போட்டுக்கொண்டு அந்தச் சிறையிலேயே வேலைக்குச் சேரும் லியோனோரேவின் கதை. அந்த ஊருக்கு அந்த இரவில் இதைவிடப் பொருத்தமான கதை அமையாது. நடத்துனர் காரல் போம். லியோனோரேவாகப் பாடியவர் மார்த்தா மோட்ல், வயது 43. வானொலியில் நேரடி ஒலிபரப்பு.

அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. முதல் அங்கத்தில் லியோனோரேவின் பெரிய ஏரியா வரும். கோபத்தில் தொடங்கி, நம்பிக்கைக்குத் திரும்பி, கடைசியில் கிடுகிடுவென மேலே ஏறும். போட்டுக் கேளுங்கள். இசைப் பயிற்சி எதுவும் வேண்டாம், யாருக்கும் கேட்கும்: மேலே போகப் போக மோட்லின் குரல் இறுகுகிறது. ஏணியின் கடைசிப் படியை எக்கிப் பிடிக்கிற மாதிரிதான் உச்ச சுரத்தைப் பிடிக்கிறார். அடுத்து நிலவறைக் காட்சிக்குப் போங்கள். அரை இருட்டில், அங்கே கிடக்கும் கைதி தன் கணவன்தானா என்று இன்னும் தெரியாமல், அவனுக்கான குழியைத் தோண்டிக்கொண்டே, யாராக இருந்தாலும் இவனைக் காப்பாற்றுவேன் என்று அவள் தனக்குள் முடிவு செய்யும் இடம். இங்கே சுரங்கள் நடுவிலும் கீழேயும் இருக்கின்றன. ஏரியாவில் திணறிய அதே தொண்டைதானா இது என்று தோன்றும். குரல் மண் நிறத்தில் இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் எடை போட்டு வைத்தது மாதிரி விழுகிறது. பெரிய முடிவை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை, அப்படி ஒரு குரல்.

மோட்லைப் பற்றி ஓபரா ரசிகர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வரும்: மகத்தான நடிகை, ஆனால் குரல் சீக்கிரமே போய்விட்டது. இந்த வாக்கியத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ‘ஆனால்’தான் எனக்குப் பிரச்சினை. அது ஒரு பாடகியை இரண்டாக வெட்டுகிறது. ஒரு பக்கம் நடிப்பு, இன்னொரு பக்கம் குரல். முதலாவதற்கு ஒரு பூங்கொத்து, இரண்டாவதற்கு ஒரு அனுதாபம். வெட்டிய பிறகு அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை யாரும் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் மென்பொருள் உலகத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. நிரலில் கோளாறு என்று யாராவது சொன்னால், ‘இது பக் இல்லை சார், ஃபீச்சர்’ என்று சமாளிப்பது. மோட்லை நேசிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அவருடைய திணறலே அழகு, உடைசலே உண்மை என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதுவும் ஒப்பவில்லை. வியன்னா ஏரியாவின் உச்ச சுரம் அழகாக இல்லை. லியோனோரேவின் துன்பமும் அதில் கூடுதலாக ஒன்றும் தெரியவில்லை. பாடகியின் துன்பம்தான் தெரிகிறது. இரண்டும் ஒன்றல்ல. கோளாறைக் கோளாறு என்று ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

*

மோட்ல் 1912இல் நூரம்பெர்க்கில் பிறந்தவர். இளமையின் பெரும்பகுதி அலுவலகத்தில் போயிற்று. கணக்கு எழுதும் வேலை. மற்ற பாடகிகள் மேடையேறிப் பெயர் வாங்கிவிடும் வயதில்தான் இவர் முறையாகப் பாட்டே படிக்க ஆரம்பித்தார். 1940களின் தொடக்கத்தில், போரின் நடுவில், முப்பதை ஒட்டிய வயதில் முதல் மேடை. போர் முடிந்ததும் டுஸ்ஸல்டார்ஃப் ஓபராவில் நிரந்தர இடம் கிடைத்தது. அங்கே அவர் மெஸ்ஸோ சொப்ரானோ, அதாவது பெண்குரல்களில் நடுவகை. கார்மென், ‘ரோஸன்கவாலியர்’ ஓபராவின் ஒக்டாவியன் எல்லாம் அந்தக் காலம். 1949இல் ஹாம்பர்க்.

பிறகு மேலே ஏறினார். ட்ரமாட்டிக் சொப்ரானோ என்பது ஓபராவின் கனரக வாகனம். நூறு பேர் கொண்ட வாத்தியக்குழுவுக்கு எதிரே மைக் இல்லாமல் நின்று, நாலைந்து மணி நேரம் நீளும் கதையின் பாரத்தைத் தாங்க வேண்டும். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் அப்படிப்பட்ட குரல்களுக்குப் பஞ்சம். நார்வேயின் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் ஐம்பதைத் தாண்டிவிட்டார், ஸ்வீடனின் பிர்கிட் நில்சன் இன்னும் வெளியே வரவில்லை. அந்த இடைவெளியில் கீழே இருந்து ஏறி வந்து நின்றவர் மோட்ல்.

மேலே ஏறிய ஆரம்பப் படிகளில் ஒன்று 1950இல் பெர்லினில் பாடிய வெர்டியின் லேடி மக்பெத். அந்தப் பாத்திரத்தைப் பற்றி வெர்டியே 1848இல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நேப்பிள்ஸில் அதைப் பாட அமர்த்தப்பட்ட பாடகியின் குரல் மிக அழகாக இருக்கிறது, அதனால் அவர் வேண்டாம் என்பது சாரம். தனக்கு வேண்டியது கரகரத்த, அடைபட்ட, இருண்ட குரல் என்கிறார். ஒரு இசையமைப்பாளர், அதுவும் இத்தாலியர், ‘அழகு அதிகம்’ என்று புகார் செய்கிறார்! அழகான குரல் என்பது ஓபராவின் ஒரே அளவுகோலாக எப்போதும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இதை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்தலாம் என்றும் இல்லை. வெர்டி கேட்டது இருண்ட குரலை. சுரத்தைத் தவறவிடச் சொல்லவில்லை.

*

இங்கே கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், சின்ன விஷயம்தான். ஆனால் இது புரிந்தால் மோட்லை வேறு மாதிரி கேட்கலாம்.

நாம் ‘இ’ என்கிறோம், ‘ஆ’ என்கிறோம். இரண்டையும் ஒரே சுரத்தில் பாடினாலும் வேறு வேறு என்று காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாயும் தொண்டையும் சேர்ந்து ஒரு குழாய். நாக்கும் தாடையும் நகரும்போது அந்தக் குழாய் வேறு வேறு அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கிறது. ‘இ’க்கு முதல் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸ், ‘ஆ’வுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காது இந்த மேடுகளை வைத்துத்தான் எழுத்தைப் படிக்கிறது.

சொப்ரானோவின் உச்சமான மேல் ‘ஸி’ சுரத்தின் அதிர்வெண் ஏறக்குறைய 1,046 ஹெர்ட்ஸ். பாடும் சுரமே எழுத்தின் மேட்டைத் தாண்டி எங்கோ போய்விட்டது. 300இல் மேடு இருந்து என்ன பயன், அங்கே தூக்கிக்கொடுக்க ஒலியே இல்லையே! அதனால் மேலே போகப் போக எந்த எழுத்தும் ‘ஆ’ மாதிரிதான் கேட்கும். பாடகிகளும் தாடையை நன்றாகத் திறந்து, குழாயின் ஒத்ததிர்வைச் சுரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். அப்போதுதான் குரல் வாத்தியக்குழுவைக் கிழித்துக்கொண்டு வரும். சுமார் 700 ஹெர்ட்ஸுக்கு மேல் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் சொல் மங்கும். ஓபராவில் பெண்கள் பாடுவது புரிவதில்லை என்று கிண்டல் செய்கிறவர்கள் இயற்பியலைக் கிண்டல் செய்கிறார்கள்.

ஆக, சொல் வாழும் இடம் நடுக்குரலும் கீழ்க்குரலும். உச்சம் என்பது சொல்லைத் துறந்த இடம். அங்கே ஒளி இருக்கும், வீச்சு இருக்கும், அர்த்தம் பெரும்பாலும் வாத்தியங்களிடம் போயிருக்கும். மெஸ்ஸோவாக வளர்ந்த மோட்லின் குரல் முழு உயரமும் முழு நிறமும் கொண்டு நின்றது சொல் வாழும் இடத்தில்தான். அவர் நல்ல நடிகை, அதனால் சொல்லை நன்றாக உச்சரித்தார் என்பது பாதி உண்மை. அவர் குரலின் கட்டுமானமே அப்படி. ‘நடிப்பு இருந்தது, ஆனால் குரல் இல்லை’ என்ற வாக்கியம் இந்த இடத்தில் உடைகிறது. அவர் நடிப்பு என்று நாம் சொல்வது அவர் குரலைத்தான், குரலின் எந்தப் பகுதி என்பதுதான் கேள்வி.

*

1951 ஜூலை 30. பைராய்ட். வாக்னர் தன் படைப்புகளுக்காகவே கட்டி 1876இல் திறந்த அரங்கம், போருக்குப் பிறகு முதல்முறை வாக்னருக்காகத் திறந்திருக்கிறது. (முந்தைய நாள் ஃபுர்ட்வெங்க்லர் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனி, ஒரு வகைப் பரிகாரம்.) ஓபரா ‘பார்சிஃபால்’. நடத்துனர் க்னாப்பர்ட்ஸ்புஷ், இயக்கம் வாக்னரின் பேரன் வீலாண்ட். குண்ட்ரியாக மோட்ல்.

வீலாண்ட் மேடையைத் துடைத்துவிட்டார். காடு இல்லை, கோயில் இல்லை, துணி ஓவியம் இல்லை. ஏறக்குறைய வெறும் தளம், அதன்மேல் விளக்கொளி. புதிய கலை என்று கொண்டாடினார்கள், அது புதிய கலைதான். அதே சமயம் அந்த மேடை எதைத் துடைத்தது என்றும் கேட்க வேண்டும். இது ஹிட்லர் கோடைதோறும் வந்து உட்கார்ந்த அரங்கம். வீலாண்டின் வீட்டில் குழந்தைகள் அவரைச் செல்லப்பெயர் வைத்து மாமா என்று கூப்பிட்டார்கள். வெற்று மேடையில் பழைய மரங்கள் மட்டும் காணாமல் போகவில்லை, பழைய கேள்விகளும் காணாமல் போயின. சுத்தம் செய்வதற்கும் தடயத்தை அழிப்பதற்கும் ஒரே துடைப்பம்தான் உதவும்.

அந்த வெறுமையில் பாடகி எதன் பின்னாலும் ஒளிய முடியாது. கையை ஆட்டி, புடவைத் தலைப்பை இழுத்து நடிப்பது மாதிரியான வேலை எல்லாம் அங்கே செல்லாது. அசையாமல் நிற்க வேண்டும், நின்றே பார்வையாளரைப் பிடிக்க வேண்டும். மோட்லின் கலை அதற்கென்றே செய்தது போல இருந்தது. இன்னொரு விஷயமும் உதவியது. பைராய்டில் வாத்தியக்குழு மேடைக்கு அடியில் இறங்கிப் போகும் பள்ளத்தில், மேலே மூடி போட்டு, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஒலி கலந்து, மழுங்கி, மேடை வழியாக வருகிறது. அதனால் நடுக்குரலில் சொல்லப்படும் சொல் அங்கே பிழைக்கும். 1957க்கும் 1960க்கும் இடையில் நியூயார்க் மெட்ரோபாலிட்டனிலும் மோட்ல் பாடினார். அது பைராய்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கைகள், திறந்த பள்ளம். அங்கே அவருக்குப் பைராய்டின் இடம் கிடைக்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. குரல் என்பது தொண்டையில் மட்டும் இருப்பதில்லை, கட்டடத்திலும் இருக்கிறது.

குண்ட்ரி விசித்திரமான பாத்திரம். சிலுவை சுமந்து போன கிறிஸ்துவைப் பார்த்துச் சிரித்தவள். அந்தச் சிரிப்புக்குத் தண்டனையாகப் பிறவி பிறவியாக அலைகிறாள். ஒரு பிறவிக்குள்ளேயே இரண்டாகவும் இருக்கிறாள்: ஒரு பக்கம் புனிதக் கிண்ணத்தின் வீரர்களுக்கு ஓடியாடித் தொண்டு செய்யும் காட்டுப்பெண், மறுபக்கம் அதே வீரர்களை மயக்கி வீழ்த்தும் மோகினி. இரண்டாம் அங்கத்தில் அந்தச் சிரிப்பைப் பார்சிஃபாலிடம் ஒப்புக்கொள்கிறாள். ‘சிரித்தேன்’ என்ற சொல்லில் வாக்னர் குரலை மேல் உச்சத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு ஸ்தாயி கீழே தள்ளிவிடுகிறார். மாடியிலிருந்து விழுகிற மாதிரி. சொப்ரானோக்களுக்கு மேல்முனை அழகாக வரும், கீழே போய்ச் சேரும்போது காற்றுதான் இருக்கும். மோட்லுக்கு நேர்மாறு. மேல்முனை ஒரு வீறல். ஆனால் விழுந்து சேரும் இடத்தில் தரை இருக்கிறது. அந்தப் பெண் எங்கே போய் விழுந்தாள் என்பது கேட்கிறது. டெக்கா நிறுவனம் அந்த வருட நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வெளியிட்டது. இந்த ஒரு சொல்லுக்காகவே அதைக் கேட்கலாம்.

மூன்றாம் அங்கம் இன்னும் வினோதம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் அங்கத்தில் குண்ட்ரி மேடையில் இருக்கிறாள், ஆனால் பாடுவது ஒரே ஒரு சொல். தொண்டு செய்வது என்ற பொருள்படும் சொல்லை இரண்டு முறை, மெதுவாக, ஏறக்குறைய முனகலாக. அதற்குப் பிறகு கடைசிவரை மௌனம். ஓபரா உலகில் பெண் கதாநாயகியை இப்படி வாயடைத்து வைத்ததைப் பற்றி வாக்னரிடம் சண்டை போட நிறைய இருக்கிறது, போட வேண்டும். ஒலிப்பதிவில் மௌனத்தைக் கேட்க முடியாது என்பதும் சோகம். அந்த இரண்டு முனகல்கள் மட்டும் மிச்சம். ஆனால் அந்த இரண்டும் போதும், இந்தப் பாடகியிடம் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள.

*

1952ஆம் வருடம் ‘ட்ரிஸ்டானும் இசோல்டேவும்’ ஓபராவுக்கு இரண்டு பதிவுகளைக் கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பது நல்ல படிப்பு.

முதலாவது ஜூன் மாதம் லண்டன் ஸ்டூடியோவில் ஃபுர்ட்வெங்க்லர் நடத்தியது. இசோல்டே ஃப்ளாக்ஸ்டாட், வயது 56. அந்தக் குரலின் அகலத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் இரண்டாம் அங்கத்தில் வரும் இரண்டு மேல் ‘ஸி’ சுரங்கள் அவருக்கு அப்போது எட்டவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? எலிசபெத் ஸ்வார்ட்ஸ்கோஃப் என்ற இன்னொரு பெரிய சொப்ரானோ அந்த இரண்டு சுரங்களை மட்டும் பாடிக் கொடுத்தார். பிற்பாடு விஷயம் வெளியே வந்து ரசிகர்களிடையே பெரிய சலசலப்பு. இதில் மோசடி என்று கூச்சல் போட ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். ஸ்டூடியோ பதிவு என்றாலே ஒட்டுவேலைதான். ஆனால் இது ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. நாலு மணி நேர இசோல்டேவை விட இரண்டு வினாடி உச்ச சுரம் சந்தையில் முக்கியம். நாலு மணி நேரத்தை யாராலும் இரவல் தர முடியாது, இரண்டு வினாடியைத் தரலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

இரண்டாவது அதே வருடம் ஜூலையில் பைராய்டில் கராயான் நடத்திய நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு. ட்ரிஸ்டான் ரமோன் வினாய், இசோல்டே மோட்ல். இங்கே இரவல் கிடையாது. வருவது வரும், வராதது வராது. நில்சனின் இசோல்டேவைக் கேட்டுப் பழகிய காதுக்கு (1966இல் பைராய்டில் போம் நடத்திய பதிவு, எஃகுக் கம்பி மாதிரியான உச்சம், சந்தேகமே இல்லாமல் ஓர் அதிசயம்) மோட்ல் முதலில் ஏமாற்றமாக இருப்பார். அவசரப்படாமல் முதல் அங்கத்துக்குப் போங்கள். கப்பல். இசோல்டே தன் தோழியிடம் பழைய கதையைச் சொல்கிறாள். தன் வருங்காலக் கணவனைக் கொன்றவன் காயத்தோடு தன்னிடமே மருந்துக்கு வந்தது, யார் என்று கண்டுபிடித்து வாளை ஓங்கியது, அவன் வாளைப் பார்க்காமல் தன் கண்ணைப் பார்த்தது. இப்போது அவனே வந்து தன் மாமனுக்கு மனைவியாகத் தன்னைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறான்.

இதைப் பெரும்பாலான சொப்ரானோக்கள் ராஜகுமாரியின் கோபமாகப் பாடுவார்கள். மோட்லிடம் கோபத்துக்கு முன்னால் அவமானம் இருக்கிறது. தனக்கு நடந்ததைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற அவமானம். அவன் கண்ணைப் பார்த்த இடத்தில் குரல் சட்டென்று இறங்கி, ஒலி பாதியாகி, கிட்டத்தட்டப் பேச்சாகிறது. அந்தக் கணத்தில்தான் இவள் காதலித்துவிட்டாள், அதனால்தான் இவ்வளவு வெறுப்பு என்பது புரிகிறது. இதை நடுக்குரலில் இருள் இல்லாத ஒருவரால் செய்ய முடியுமா? அழகாகச் செய்யலாம். இப்படிச் செய்ய முடியாது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1953 அக்டோபர், நவம்பரில் ரோம் வானொலிக்காக ஃபுர்ட்வெங்க்லர் ‘நிபெலுங்கின் மோதிரம்’ நான்கு ஓபராக்களையும், ஒரு நாளைக்கு ஒரு அங்கம் என்ற கணக்கில் நடத்தினார். ப்ருன்ஹில்டே மோட்ல். ‘வால்குரே’யின் இரண்டாம் அங்கம் தொடக்கத்தில் ப்ருன்ஹில்டே போர்க்கூவலோடு வருவாள், மேல் ‘ஸி’ சுரங்களாகத் தெறிக்கும். எல்லோரும் காத்திருந்து மதிப்பெண் போடும் இடம் அது. மோட்லுக்கு அங்கே என்னால் பெரிய மதிப்பெண் போட முடியாது. ஆனால் அதே அங்கத்தில் பின்னால் வருகிறது, சாவை அறிவிக்கும் காட்சி. ப்ருன்ஹில்டே வீரன் ஸீக்முண்டின் முன் தோன்றி, நீ இன்று சாகப் போகிறாய், தேவர்கள் வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்கிறாள். அங்கே என் காதலியும் வருவாளா என்று அவன் கேட்கிறான். இல்லை. அப்படியென்றால் நானும் வரவில்லை என்கிறான். வாக்னர் இதைக் கீழ்க்குரலில், டூபாக்களும் முரசும் மெல்ல அடியில் நகர, கேள்வியும் பதிலுமாக எழுதியிருக்கிறார். முதலில் மோட்லின் பதில்களில் எந்த உணர்ச்சியும் இல்லை. உத்தரவைப் படித்துக்காட்டும் அதிகாரியின் குரல். கேள்விக்குக் கேள்வி அந்தக் குரலில் ஒரு துளி சூடு ஏறுகிறது. எந்த இடத்தில் அவள் மனம் மாறினாள் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. காட்சி முடிகையில் மாறியிருக்கிறாள், அப்பாவின் கட்டளையை மீறத் துணிந்திருக்கிறாள். அடுத்த சுமார் பத்து மணி நேரக் கதையும், தேவர்களின் அழிவும் இந்த மனமாற்றத்தில்தான் தொங்குகிறது, போர்க்கூவலில் அல்ல.

மறு வருடம் வியன்னாவில் ஸ்டூடியோவில் ‘வால்குரே’யை மட்டும் பதிவு செய்தார்கள், அதிலும் மோட்ல்தான் ப்ருன்ஹில்டே. அதுதான் ஃபுர்ட்வெங்க்லரின் கடைசிப் பதிவு, 1954 நவம்பரில் இறந்துவிட்டார். ஒலித்தரம் வியன்னாவில் மேல். நான் ரோமுக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

*

பிறகு சரிவு. 1950களின் பின்பாதியில் உச்சம் மேலும் மேலும் கைவிட்டது. மெஸ்ஸோவாகவே இருந்திருந்தால் நாற்பது வருடம் சுகமாகப் பாடியிருக்கலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் ரோமின் அந்தக் காட்சி இல்லை. அதைவிட வேடிக்கை, அவர் நாற்பது வருடம் தாண்டியும் பாடினார். நில்சன் 1984இல் மேடையை விட்டார், மோட்ல் 1990களிலும் மேடையில் இருந்தார். ‘சீக்கிரமே போய்விட்ட’ குரல்!

எப்படி? வந்த வழியே இறங்கினார், அவ்வளவுதான். ஆனால் இறங்கும் வேலை எளிதல்ல. ப்ருன்ஹில்டே பாடிய வாயால் தாதியையும் கிழவியையும் பாட ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஐம்பது வயதில். 1963 நவம்பரில் மியூனிக்கின் நேஷனல் தியேட்டர் (அதுவும் குண்டில் எரிந்து திரும்பக் கட்டியதுதான்) ஸ்ட்ராஸின் ‘நிழலில்லாத பெண்’ ஓபராவோடு திறந்தபோது மோட்ல் தாதி. மனிதர்களை வெறுக்கும், தந்திரமான, கதையின் முடிவில் துரத்தப்படும் தாதி. அடுத்த வருடம் சால்ஸ்பர்கில் கராயானோடு ‘எலெக்ட்ரா’. அம்மா க்ளைடெம்னெஸ்ட்ரா மோட்ல், மகள் எலெக்ட்ரா ஆஸ்ட்ரிட் வார்னாய். இந்த இருவரும்தான் 1950களின் பைராய்டில் ப்ருன்ஹில்டேவையும் இசோல்டேவையும் பகிர்ந்துகொண்டவர்கள். நிஜத்தில் மோட்ல் ஆறு வயது மூத்தவர், அவ்வளவே. பழைய சகா எதிரே கதாநாயகியாக நிற்கிறார், இவர் தூக்கம் வராமல் கெட்ட கனவுகளுக்கு மருந்து கேட்டுப் புலம்பும் தாயாக வருகிறார். அந்தப் புலம்பல் முழுக்க நடுக்குரலிலும் கீழ்க்குரலிலும்தான். அந்த இரவின் நேரடிப் பதிவில் யார் பெரியவர் என்று போட்டி வைக்கத் தோன்றாது. ஆனால் பயம் வருவது அம்மாவைக் கேட்கும்போதுதான்.

இந்தப் பிற்காலப் பதிவுகள் எல்லாமே கேட்க இதமானவை என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் சுரம் ஆடுகிறது, சிலவற்றில் பாட்டைவிடக் கத்தல் அதிகம். ஆனால் இந்தக் கட்டத்தில் உயிரோடிருந்த இசையமைப்பாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அரிபெர்ட் ரைமானின் ‘மெலுசினே’ (1971) ஓபராவில் பித்தியா. அதே ரைமான் ஸ்ட்ரிண்ட்பெர்கின் நாடகத்தை வைத்து 1984இல் எழுதிய ‘பேய் சொனாட்டா’வில் மம்மி, அதாவது அலமாரிக்குள் உட்கார்ந்து தன்னைக் கிளி என்று நினைத்துப் பேசும் கிழவி. அப்போது மோட்லுக்கு 72 வயது. ஒரு காலத்து அழகியின் மிச்சமான அந்தக் கிழவியை ஒப்பனை போட்ட இளம் பாடகி செய்வது வேறு, இவர் செய்வது வேறு. இதைப் பரிதாபத்துக்குக் கொடுத்த வேலை என்று நினைக்க வேண்டாம். ரைமான் குரலுக்கு எழுதுவதில் கறாரானவர், மிகக் கடினமான இசை அவருடையது.

1992 மே மாதம், அதே வியன்னா ஸ்டேட் ஓபரா. சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்பேடு ராணி’, நடத்துனர் ஸெய்ஜி ஒஸாவா. கதாநாயகி மிரெல்லா ஃப்ரேனி. கிழட்டுச் சீமாட்டியாக மோட்ல், வயது 80. சீமாட்டி விருந்திலிருந்து திரும்பி வருகிறாள். இந்தக் காலத்து ஆட்டமும் பாட்டும் ஒன்றும் சரியில்லை என்று முணுமுணுக்கிறாள். பாரிஸில் தான் இளம்பெண்ணாக இருந்ததை, யார் யார் ஆடினார்கள், யார் தன் பாட்டைக் கேட்டார்கள் என்பதை நினைத்துக்கொள்கிறாள். பிறகு ரஷ்ய ஓபராவின் நடுவில் பிரெஞ்சு மொழியில் ஒரு பழைய பாட்டை எடுக்கிறாள். க்ரெட்ரி என்பவருடைய 18ஆம் நூற்றாண்டு ஓபராவிலிருந்து சைக்கோவ்ஸ்கி எடுத்துக்கொண்ட மெட்டு. உண்மையில் அது காதலில் விழுந்த சின்னப் பெண் பாடும் பாட்டு. சைக்கோவ்ஸ்கி அதைக் கிழவியின் வாயில் மெல்லிய ஒலியில் வைத்திருக்கிறார்.

மோட்ல் அதைப் பாடிக்காட்டுவதில்லை, நினைவுபடுத்திக்கொள்கிறார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் விடும் இடைவெளியில், அடுத்த வரி இவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நமக்குப் பதறுகிறது. இருக்கிறது. உயரம் போக வேண்டிய சுரம் ஒன்றுகூட அதில் இல்லை. இரண்டாம் முறை அதே மெட்டைத் தூக்கக் கலக்கத்தில் முனகுகிறார், இன்னும் மெதுவாக. அப்போது ஒளிந்திருந்த ஹெர்மன் வெளியே வருகிறான். மூன்று சீட்டுகளின் ரகசியத்தைச் சொல் என்று கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், துப்பாக்கியை நீட்டுகிறான். அந்தக் காட்சியில் சீமாட்டிக்கு அதற்குப் பிறகு பாட ஒரு சுரமும் எழுதப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அவனைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.